பீலித் தண்ணீரை நம்பாதவர்

முதல் நாள் நான் நீட்டிய தண்ணீரை அவர் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. தம்ளரைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எந்தத் தண்ணி?" என்று கேட்டார்.

"பைப் தண்ணிதாங்க டீச்சர்."

"பைப்புக்கு எங்கையிருந்து வருது?"

"மேல காட்டு ஊத்துல இருந்துங்க."

"நீங்கள் போய்ப் பாத்தனீங்களே?"

நான் போய்ப் பார்த்ததில்லை. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அவர் தம்ளரை மேசையில் வைத்துவிட்டு, தங்கப்போகும் அறையைக் காட்டச் சொன்னார்.

மாலையில் என் கணவர் சேவியர் பெக்டரியில் இருந்து வந்ததும் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "யாழ்ப்பாணத்து ஆளுங்க நம்ம வீட்ல தண்ணி குடிப்பாங்களா? ஒனக்குத் தெரியாதா, ரோஸ்லின்?"

தெரியாமலா இருக்கும்? தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு வந்த அந்தப் பக்கத்து வாத்தியார்கள் சிலர் தங்களுக்கென்று தனிக் கோப்பை வைத்திருந்த கதைகளைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அன்றைக்கே அவரைப் பற்றி மனதில் ஒன்றை முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் மலைநாட்டில், றொசல்லைக்கும் வட்டவளைக்கும் இடையில் இருந்தது. நான் தோட்டப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். சேவியர் பெக்டரியில் உத்தியோகம் பார்த்ததால் எங்களுக்குக் குவாட்டர்ஸ் கிடைத்திருந்தது. தண்ணீர் குடிக்காத அந்த டீச்சர், ஹட்டன் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்க வந்தவர். யுத்த காலம். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஒருவருக்கு யாரும் லேசில் அறை கொடுக்கமாட்டார்கள். எங்கள் வேதக் கோயில் சுவாமியார் கேட்டுக்கொண்டதால்தான் முன்னறையைக் கொடுத்தோம். சேவியர் அவரைப் பொலிசில் பதிந்துவிட்டு வந்தார்.

நாற்பதை ஒட்டிய வயது. கல்யாணம் ஆகவில்லை. செருப்புக்குள்ளும் காலுறை போடுவார். வெயிலோ மழையோ, கையில் கறுப்புக் குடை இருக்கும். அவரிடம் யாரும் எதையும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. பஸ் வராது என்று கடைக்காரர் சொன்னால், "ஆர் சொன்னது?" என்பார். கொண்டக்டர் சொன்னதாகச் சொன்னால், அந்தக் கொண்டக்டரைத் தேடிக் கேட்டுவிட்டு வருவார். ஹட்டன் சந்தையில் காட்டுத்தேன் என்று ஒருவன் விற்றபோது, எந்தக் காடு, எந்தப் பூ என்று இவர் கேட்கக் கேட்க, கடைசியில் அவன் தேன் போத்தலைச் சாக்குக்குள் போட்டுக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டான்.

வடக்கில் இன்ன ஊரில் குண்டு விழுந்ததாம், இத்தனை பேராம் என்று யாராவது சொன்னால் மட்டும் அவர் முகம் வெளுக்கும். அப்போதும், "கண்டவை ஆர்? அவையோட கதைச்சனீங்களே?" என்றுதான் கேட்பார். அவருடைய அம்மா அந்தப் பக்கம்தான் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

எங்கள் வீட்டில் சோறு சாப்பிட்டார், தேநீர் குடித்தார். பச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கமாட்டார். ஒருநாள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டார். "உங்கட வீட்டில தண்ணி கொதிக்க வச்சுத்தானே குடிக்கிறியள். எப்ப தொடக்கம்?"

"போன வருசத்துல இருந்துங்க. புள்ளைங்களுக்குச் சளி புடிக்குதுன்னு அவருதான் சொன்னாரு."

"சளிக்கோ?" என்றார். அன்றிலிருந்து சேவியர் பேசும்போது அவர் கொஞ்சம் கூர்ந்து பார்ப்பதாக எனக்குப் பட்டது. சேவியருக்கும் அது பட்டிருக்க வேண்டும். "அந்தம்மா பார்வை சரியில்ல. என்னாத்தையோ தேடுது," என்றார்.

அந்த வருடம்தான் வால்வெள்ளி வந்தது. பொழுது சாய்ந்ததும் மேற்கு மலைக்கு மேலே, மப்பு இல்லாத நாட்களில், வெள்ளைத் துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரித் தெரியும். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் அதைக் கெட்ட சகுனம் என்றார்கள். சுவாமியார் எல்லோரையும் கோயில் மைதானத்துக்கு வரச்சொல்லி, பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கினார். பத்திரிகையில் படித்திருந்தார் போலும். வால்வெள்ளி என்பது அழுக்குப் பனிக்கட்டி என்றும், பூமி உண்டான காலத்தில் அப்படிப்பட்டவை வந்து விழுந்துதான் கடல் நிரம்பியது என்றும் சொன்னார். "நாம குடிக்கிற ஒவ்வொரு சொட்டும் ஆண்டவர் வானத்துல இருந்து அனுப்பினது," என்று முடித்தார். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

பின்னால் இருந்து இவருடைய குரல் வந்தது. "சுவாமி, நான் அதை நம்பேல்லை."

சுவாமியார் நல்ல மனிதர். "ஏன் டீச்சர்?" என்று சிரித்தபடி கேட்டார்.

தண்ணீரிலும் ஒரு கலப்பு இருக்கிறது என்றார் அவர். ஐதரசன் என்ற மூலகத்துக்குச் சமதானி ஒன்று உண்டு. அதே ஐதரசன்தான், ஆனால் பாரம் கூடினது. எந்தத் தண்ணீரை எடுத்தாலும் அதில் பாரமான ஐதரசன் கொஞ்சம் இருக்கும். எவ்வளவு இருக்கும் என்பது அந்தத் தண்ணீர் எங்கே உண்டானது, என்ன பாடு பட்டது என்பதைப் பொறுத்தது. முன்பு ஒரு வால்வெள்ளிக்குப் பக்கத்தில் விண்கலம் போய் அளந்து பார்த்தது. கடலில் இருப்பதைப் போல அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. "பிறகெப்பிடி, கடல் முழுக்க அதில இருந்து வந்ததெண்டு சொல்லுறது? கொஞ்சம் வந்திருக்கலாம். மிச்சம் வேற எங்கையோ இருந்து வந்திருக்கோணும்."

"எங்கருந்துங்க?" என்று கேட்டது, முன்வரிசையில் நின்ற புஷ்பலதா. மேல் லயத்துப் பெண். கொழுந்து பறிப்பவள், வயிற்றில் முதல் பிள்ளை.

"எனக்குத் தெரியாது," என்றார் இவர். "ஒருத்தருக்கும் இன்னும் வடிவாத் தெரியாது."

கூட்டத்துக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. தனக்கே தெரியாதவள் சுவாமியாரை மறுக்க வந்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். கடல்நீரை ஒத்த தண்ணீர் உள்ள வால்வெள்ளிகளும் இருப்பதாக இப்போது படிக்கிறேன். அதை யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் அதையும் அவர் உடனே ஏற்றிருக்கமாட்டார்.

வால்வெள்ளி மறைந்து சில வாரங்களில் மேல் லயத்தில் மஞ்சள் காமாலை வந்தது. முதலில் இரண்டு வீட்டில்; பிறகு வரிசையாக. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. வால்வெள்ளி செய்த வேலை என்றார்கள். புஷ்பலதாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவளும் பிள்ளையும் திரும்பி வரவில்லை.

செத்தவீட்டுக்கு அவரும் என்னோடு வந்தார். திரும்பும் வழியில், லயத்துக்குக் கீழே மூங்கில் குழாய் வழியே தண்ணீர் கொட்டும் பீலிக்கு முன்னால் நின்றார். மேல் லயம் முழுவதும் குடிப்பதும் குளிப்பதும் அந்தப் பீலியில்தான்.

"செங்கமாரி தண்ணியாலதான் வரும். தோட்டத்தில தண்ணியைச் சோதிச்சவையோ?" காமாலையைத்தான் அவர் செங்கமாரி என்பார்.

சோதித்தார்கள். சுகாதார அதிகாரி வந்தபோது தோட்டத்து நிர்வாகியான பெரிய துரையே ஆளனுப்பி, மேலே காட்டு ஊற்றில் இருந்து ஒரு போத்தலில் பிடித்துக் கொடுத்திருந்தார். சுத்தமான தண்ணீர் என்று அறிக்கை வந்தது.

"ஊத்துத் தண்ணி சுத்தம்தான். நான் நம்புறன்," என்றார். "இது ஊத்துத் தண்ணியோ எண்டதுதான் கேள்வி."

குழாயின் வழியே ஏறிப் பார்க்கப் போனார். பாதி தூரத்தில் துரையின் பங்களாக் காணி வந்துவிட்டது. காவல்காரன் நாயோடு வந்து திருப்பி அனுப்பிவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு வேறு வழியால் போனார். காட்டு ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு முனியாண்டி கோயில் இருந்தது. அங்கே போவதை யாரும் தடுப்பதில்லை. ஊற்றில் இருந்து ஒரு சின்ன மருந்துப் போத்தல். ரோட்டோரமாக இறங்கி, வெள்ளைக்காரன் காலத்தில் பெக்டரிக்காகக் கட்டிய திறந்த குளத்தில் இருந்து இன்னொன்று. அந்தக் குளத்துக்குள்தான் மேற்கு டிவிசனின் கக்கூஸ் கழிவு ஓடும் கான் வந்து விழும், அதில் மாடும் குளிக்கும். மூன்றாவதைப் பீலியில் பிடித்தார். ஒவ்வொரு போத்தலையும் ஒரு குமிழ் காற்றுக்கூட நிற்காமல் விளிம்பு வரை நிரப்பி, மூடி, மெழுகுவர்த்தியை உருக்கி வாயை அடைத்து, எதில் பிடித்தது என்று மேலே எழுதினார்.

"உயர மலையில பெய்யிற மழை லேசானது," என்றார். "திறந்த குளத்தில வெயில் படப்பட லேசான தண்ணி முதல்ல ஆவியாப் போகும், பாரமானது மிஞ்சும். ரெண்டும் ஒண்டாய் இராது. இந்த மூண்டாவது, ரெண்டில ஆரின்ர பிள்ளை எண்டு பாப்பம்."

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேலை செய்த தன் பழைய வகுப்புத்தோழிக்கு அவற்றை அனுப்புவதாக இருந்தார். அதற்குள் பொலிஸ் வந்துவிட்டது.

காலையில் வந்தார்கள். நேராக அவருடைய அறைக்குப் போனார்கள். வேறு எதையும் கிளறவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த போத்தல்களைத்தான் எடுத்தார்கள். அங்கே இருக்கிறது என்று யாரோ சொல்லித்தான் வந்திருந்தார்கள். அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். நானும் சேவியரும் பஸ் பிடித்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம்.

அதிகாரியின் மேசையில் மூன்று போத்தலும் வரிசையாக நின்றன. மெழுகு வைத்து அடைத்திருந்ததுதான் அவருக்குப் பெரிய சந்தேகம். குளத்துக்கும் ஊற்றுக்கும் போய் வந்த யாழ்ப்பாணத்துக்காரி. லயத்தில் ஆட்கள் சாகிறார்கள். அவர் சிங்களத்தில் கேட்டதைச் சேவியர் தமிழில் சொன்னார்.

"விஷம்தானேன்னு கேக்குறாருங்க."

"பீலித் தண்ணி. ஆராய்ச்சிக்கு அனுப்ப வச்சிருக்கிறன்."

அதிகாரி ஒரு போத்தலின் மெழுகைப் பேனாக்கத்தியால் சுரண்டித் திறந்து அவர் முன்னால் தள்ளினார். "பொன்ன," என்றார். குடி.

அவர் போத்தலைப் பார்த்தார். "இது பீலியில பிடிச்சது. நான் குடிக்கமாட்டன்."

"வெறும் தண்ணின்னா குடிக்க வேண்டியதுதானேன்னு கேக்குறாருங்க."

"நான் நம்பாத தண்ணியைக் குடிக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

சேவியர் அதைச் சிங்களத்தில் சொன்னபோது அறையில் இருந்த மற்றப் பொலிஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். முடிந்தது என்று எனக்குப் புரிந்தது. அந்தக் காலத்தில் இதைவிடச் சின்ன சந்தேகத்துக்கு உள்ளே போனவர்கள் வெளியே வராமலே இருந்தார்கள். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம், ஒரு மிடறு குடித்திருக்கலாம். அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

நான் எழுந்து போய்ப் போத்தலை எடுத்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன், "சேர், இது எங்க லயத்துத் தண்ணி. எங்க புள்ளைங்க தினமும் குடிக்கிறது." சொல்லிக்கொண்டே வாயில் கவிழ்த்தேன்.

"குடிக்காத!" என்று சேவியர் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அதற்குள் நான் விழுங்கிவிட்டேன்.

அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மற்ற இரண்டு போத்தலையும் வாசலில் ஊற்றச் சொன்னார். சுவாமியாரும் வந்து சேர்ந்து உத்தரவாதம் சொன்னதால், மத்தியானத்துக்கு முன்பே விட்டுவிட்டார்கள்.

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பஸ்ஸில் ஏறியதும் என் பக்கம் திரும்பி, "விசரே உங்களுக்கு? ஏன் குடிச்சனீங்கள்?" என்று சீறினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கட மனிசன் உங்கட கையைப் பிடிச்சவர்."

"ஆமாங்க."

"ஊத்துத் தண்ணியெண்டா ஏன் பிடிக்கோணும்?"

சேவியர் இரண்டு இருக்கை தள்ளி, சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார். அந்தக் கேள்வி எனக்கும் வந்திருந்தது. நான் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சேவியரிடம் கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். முந்தின வருடம் வறட்சியில் காட்டு ஊற்று வற்றிப்போனதாம். துரை சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்களை வைத்துக் குளத்தில் இருந்து குழாயை இழுத்து, பீலிக்கும் எங்கள் பைப்புக்கும் போகும் குழாயோடு இணைத்தது சேவியர்தான். மருந்து போடுவோம், மழை வந்ததும் மாற்றிவிடுவோம் என்று துரை சொன்னாராம். கொஞ்ச நாள் மருந்து போட்டார்கள். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

"நம்ம வீட்டுக்கு மட்டும் கொதிக்க வைக்கச் சொன்னீங்க."

"வேலை போயிரும் ரோஸ்லின். இந்த வீடு போயிரும். எங்க போவோம்?"

"புஷ்பம் போயிட்டாளே."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். நான் தேற்றவில்லை. முன்னறையில் இருந்தவருக்கு எல்லாம் கேட்டிருக்கும், பலகைச் சுவர்தான்.

மறுநாள் விடிந்ததும் சேவியர் பெக்டரிக்குப் போகாமல் லயத்துக்குப் போனார். தொழிற்சங்கத் தலைவரையும் புஷ்பலதாவின் புருசனையும் மற்ற ஆண்களையும் கூட்டிக்கொண்டு குளத்துக்கு ஏறப் புறப்பட்டார். கையில் இரும்பறுக்கும் வாள். வாசலில் இவர் மறித்தார்.

"பொறுங்கோ. வெட்ட முந்தி நான் திரும்பப் போத்தில் நிரப்போணும்."

"நான்தான் சொல்றேனே டீச்சர், குளத்துத் தண்ணிதான். நானேதான் பைப் போட்டேன்."

"நீங்கள் போன வருசம் சளியெண்டும் சொன்னனீங்கள்," என்றார் அவர்.

ஆண்கள் பொறுமையில்லாமல் நிற்க, மூன்று போத்தலையும் மறுபடி நிரப்பி, மெழுகு வைத்தார். அதன் பிறகுதான் குழாயை வெட்டினார்கள். புஷ்பலதாவின் புருசன் அங்கேயே சேவியரின் கன்னத்தில் அறைந்தானாம். சேவியர் கையை உயர்த்தவில்லையாம்.

அந்த வாரமே சேவியருக்கு வேலை போயிற்று. துரையை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். வீட்டைக் காலி செய்யக் கொடுத்த தவணை முடியும்வரை, ஒவ்வொரு நாள் காலையும் டீச்சர் என்னைச் சன்னலடிக்கு இழுத்துப்போய், கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்து, கண் மஞ்சளாகிறதா என்று பார்ப்பார். "நாக்கை நீட்டுங்கோ" என்பார். சேவியர் அந்தப் பக்கம் வந்தால் கையை எடுத்துவிடுவார். எனக்கு எதுவும் வரவில்லை. தனிக் கோப்பைக் கதைகளை நான் அந்த நாட்களில் மறந்துபோனேன்.

லயத்தில் அவரை யாரும் கொண்டாடவில்லை. பீலி நின்றுபோனதால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரத்து ஓடைக்கு நடக்க வேண்டியிருந்தது. போகிற வழியில் எங்கள் வீட்டைப் பார்த்து, எங்கிருந்தோ வந்து இருந்த தண்ணியையும் கெடுத்துவிட்டாள் என்று சத்தமாகவே சொல்லிவிட்டுப் போவார்கள். அவரை யார் அனுப்பினார்கள் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

பொலிசுக்குச் சொன்னது யார் என்று நான் சேவியரிடம் கேட்டேன். தான் இல்லை என்று பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். காவல்காரனாக இருக்கும் என்றார். நான் நம்பினேன். டீச்சரிடமும் போய்ச் சொன்னேன்.

"நீங்கள் நம்புங்கோ," என்றார். "அவர் உங்கட மனிசன். நான் நம்பவேணுமெண்டு கட்டாயமில்லை." கட்டிலுக்கடியில் போத்தல் இருந்தது காவல்காரனுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

நாங்கள் தலவாக்கலைக்குக் குடிபோனோம். அவர் ஹட்டனில் வேறு அறை எடுத்தார். பல மாதம் கழித்து ஒருநாள் தலவாக்கலைக்கு வந்து, வெளிநாட்டில் இருந்து முடிவு வந்துவிட்டதாகச் சொன்னார். பீலித் தண்ணீர் குளத்துத் தண்ணீர்தான். ஆனால் முழுவதும் அல்ல, கொஞ்சம் ஊற்றுத் தண்ணீரும் கலந்திருக்கிறது. சேவியர் யோசித்துவிட்டு, பழைய குழாயின் வால்வை அன்றைக்கு இறுக்க மறந்திருப்பேன் என்றார். இவர் தலையை ஆட்டினார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சேவியர் சொன்ன ஒன்றை அவர் மறுகேள்வி இல்லாமல் விட்டார்.

சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் பாதை திறந்ததும் டீச்சர் தன் அம்மாவைப் பார்க்க வடக்கே போனார். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதாகச் சொல்லியனுப்பினார். பிறகு பாதை மூடியது. யுத்தம் முடிந்தபோது சுவாமியார் மூலமும் தெரிந்த ஆசிரியர்கள் மூலமும் விசாரித்தேன். முள்வேலி முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார். கண்டது அவர் இல்லை, அவருடைய மச்சானாம். கனடாவுக்குப் போய்விட்டதாக இன்னொருவர் சொன்னார். யாரோ சொல்லக் கேட்டாராம். கடைசி மாதத்தில் கடற்கரையில் செத்துப்போனதாகத்தான் அநேகம் பேர் சொன்னார்கள். அவர்களில் ஒருவரும் அங்கே இருந்தவர் இல்லை.

சேவியர் இப்போது ஊருக்குள் குழாய் வேலை செய்கிறார். போன கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் மெழுகுவர்த்தி வாங்கினோம். அவருடைய அப்பா அம்மாவுக்கு, என்னுடைய அப்பாவுக்கு. புஷ்பலதாவுக்கு ஒன்று, அதை எல்லா வருடமும் அவர்தான் கொளுத்துவார். கல்லறையில் பார்த்தால் அவர் கையில் இன்னும் ஒன்று இருந்தது.

"யாருக்குங்க அது?"

"அந்தம்மாவுக்கு," என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் அதை அவர் கையில் இருந்து வாங்கி, திரியில் நெருப்புப் படாமல், என் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டேன்.